முட்டைப் பெட்டிக்கு ஒரு திரை

சேஷன் சாமிக்குக் கோழியைப் பற்றித் தெரியாத விஷயமே கிடையாது. அறுபத்தெட்டு வயது வரை ஒரு கோழியைக்கூடத் தொட்டதில்லை என்பது மட்டும்தான் சின்னக் குறை. மற்றபடி கோழி எதற்குக் கொக்கரிக்கிறது, எதற்கு மண்ணில் புரள்கிறது, எந்த நேரத்தில் அதற்கு மனசு சரியில்லாமல் போகிறது என்று எல்லாவற்றையும் போனில் பார்த்து வைத்திருந்தார். பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் அவருக்கு இல்லை.

அவர் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் பகுதியில் அவர் வீடு தெருவில் தொடங்கிப் பின்சந்து வரைக்கும் நீண்டு கிடக்கும். முன்பக்கம் அவரும் சூடாமணி மாமியும் இருந்தார்கள். பின்பக்கம், ஒரு காலத்தில் மாட்டுக்கொட்டிலாக இருந்து பிறகு ஓடு மாற்றி வெள்ளையடித்த இரண்டு அறைகளில் நாங்கள் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர் செல்வகணேஷ், அவர் அம்மா வடிவம்மாள். எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். செல்வகணேஷ் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் ராத்திரி சப்ளை செய்கிறார், பகலில் தூங்குவார். நான் கிழக்கேகோட்டையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறேன். அத்தை காலையில் அதே தெருவில் இரண்டு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போவாள். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு முற்றம், அதில் ஒரு கிணறு. மாமியின் அடுக்களைக் கதவு கிணற்றைப் பார்த்துத் திறக்கும், எங்கள் கதவு அதற்கு எதிரே.

எங்கள் வார்டில் பெண்களுக்கு முட்டைக்கோழி கொடுத்தார்கள். என் பேருக்கும் நாலு வந்தது. கூடையைத் துணி போட்டு மூடிக்கொண்டுதான் வந்தேன். அக்ரஹாரத்துக்குள் கோழியா, உடனே வீட்டைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டால் எங்கே போவது? ஆனால் சாமி கூடையைத் திறந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வளத்துக்கோ. என்னோட வெண்டைக்கு நல்ல உரமாக்கும்" என்றார்.

அத்தைக்கு அன்றெல்லாம் பேச்சு அதுதான். "சாமி மனசு யாருக்குட்டி வரும்? வேற ஒரு ஆளா இருந்தா நம்மள சட்டிபானையோட தெருவுல தள்ளிருப்பாவ." தெருவில் யாரோ முணுமுணுத்தபோது அவரே போய் நின்று இயற்கை உரத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிட்டு வந்தார். கேட்டவர்கள் பிறகு முணுமுணுக்கவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டி வந்துவிடுமே என்ற பயம்தான்.

அந்த நாலோடு சாலைச் சந்தையில் நான் ஒன்று வாங்கிச் சேர்த்தேன். கழுத்தில் ஒரு இறகு கிடையாது. சிவந்து, சுருங்கி, பார்க்கச் சகிக்காது. அதனால்தான் மலிவாகக் கொடுத்தான். மொட்டச்சி என்று பேர் வைத்தேன். மற்ற நாலும் சர்க்கார் கோழிகள். அரிசியைக் காட்டினால் யார் பின்னாலும் போகும். மொட்டச்சி போகாது. எனக்கு முன்னால் வந்து நிற்பாள், தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்ப்பாள், என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்பதுபோல் இருக்கும். நாள் முழுக்க "கவர் வேணுமா, கவர் வேணுமா" என்று ஜனங்களிடம் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் ஒருத்தி அப்படி நின்று பார்த்தால் எப்படி இருக்கும்? எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முட்டையிடத் தொடங்கிய புதிதில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. என் அடுப்படிக் கதவோரம் ஒரு பழைய மீன்கூடையில் வைக்கோல் போட்டு வைத்திருந்தேன். ஐந்தும் அதில் ஏறிப் போட்டுவிட்டு, தெருமுனை வரை கேட்கிற மாதிரி கொக்கரித்துவிட்டு இறங்கிவிடும். அஞ்சு அல்லது நாலு முட்டை தினம் கிடைக்கும். இரண்டு எங்களுக்கு, மீதி கடையில் கூட வேலை பார்க்கிற ஆஷாவுக்கு.

சாமிக்கு அந்தக் கூடை பொறுக்கவில்லை.

"ஷிஜா, நீ பண்ணறது பெரிய தப்பு, கேட்டியா" என்றார் ஒருநாள். கையில் போன். "கோழிக்கு முட்டையிடறச்சே பிரைவசி வேணும். காட்டுல இருந்த காலத்துல புதருக்குள்ள போய் ஒளிஞ்சுண்டு இட்ட ஜீவன் அது. நீ பாட்டுக்கு நடைவாசல்ல கூடையை வெச்சிருக்கே. போறவா வரவா எல்லாரும் பாக்கறா. அதுக்கு எவ்வளவு டென்ஷன் தெரியுமோ?"

"அது நல்லாத்தானே போடுது சாமி."

"இப்போ போடும். அப்புறம் நிறுத்திடும். அப்போ என்ன பண்ணுவே?"

சர்க்கார் சர்வீஸில் இருந்த காலத்திலும் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஓடுகிற காரியத்தை நிறுத்தி, ஏன் ஓடவில்லை என்று ஒரு மீட்டிங் போட்டிருப்பார்.

அந்த வாரமே பெட்டி வந்தது. ஒரு ஆளைக் கூட்டிவந்து பிளைவுட்டில் இரண்டு அறை வைத்துச் செய்தார். உள்ளே உமி, உமிக்கு மேல் தேங்காய் நார், முட்டை உருண்டு விழாமலிருக்க முன்னால் ஒரு சின்னத் தடுப்பு. கோழிகள் பெட்டியிலேயே படுத்து அசிங்கம் பண்ணாமலிருக்க, அடையும் கம்பைப் பெட்டியைவிட உயரத்தில் கட்டச் சொன்னார். ஒவ்வொரு அறையிலும் ஒரு பிங்பாங் பந்தை வைத்தார். முட்டை என்று நினைத்து மற்ற கோழிகளும் அங்கேயே வந்து போடுமாம். மொட்டச்சி முதல் நாளே பந்தைக் காலால் வெளியே தள்ளினாள். சாமி அதை எடுத்துத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்தார். அவள் திரும்பத் தள்ளினாள். அவர்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கே ஆகவில்லை.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் அவர் ரொம்பக் கணக்குப் பார்த்தார். என் கதவோரம் வேண்டாம், சத்தம். நடுமுற்றம் வேண்டாம், வெளிச்சம். கடைசியில் கிணற்றுக்குப் பின்னால், குளியலறைச் சுவருக்கும் அவர் கொல்லைப்படிக்கும் நடுவில் இருந்த மூலையைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் கதவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. "இதாக்கும் கரெக்ட் ஸ்பாட்" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

பெட்டி வந்த வாரத்தில் முட்டை மூன்றானது.

"பாத்தியா? பிரைவசி போறலை" என்றார் சாமி. கறுப்புத் துணி வாங்கிவந்து, நடுவில் கீறல் விட்டுத் திரை தைத்துத் தரச் சொன்னார். தைத்துக் கொடுத்தேன். கோழி அந்தக் கீறல் வழியே நுழைந்துவிட்டால் உள்ளே கும்மிருட்டு. துணி மிச்சம் இருந்தது, வீணாக்க வேண்டாம் என்று பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியையும் சேர்த்து மறைத்தார். காற்று வரக்கூடாதாம். முட்டை இரண்டானது.

"காலம்பற அந்தப் பக்கமே யாரும் போகப்படாது" என்று அடுத்து ஒரு சட்டம் போட்டார். "பதினொண்ணு மணி கழிஞ்சு முட்டை எடுத்தாப் போறும். வடிவம்மாள், மனசிலாச்சா?"

அத்தை தலையைத் தலையை ஆட்டினாள். சாமி சொன்னால் அவள் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஒரே ஒரு முட்டை இருக்கும். சில நாள் வெறும் பந்து.

எனக்கு சந்தேகம் வந்தது. கீரி, பூனை, காக்கை, சாரைப்பாம்பு என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். ஒருநாள் செல்வகணேஷிடம், "யாராவது எடுக்குதாவளோ?" என்று கேட்டேன். அவர் பாயில் புரண்டு படுத்துச் சிரித்தார்.

"இந்தத் தெருவுல முட்டைய எடுத்து என்ன செய்யப் போறாவ? நெத்தியில பூசவா? அத்தனையும் சாமிமாரு வீடு. முட்டைக்கு இதவிட பத்திரமான இடம் திருவனந்தபுரத்துலேயே கிடையாது பாத்துக்க."

நியாயமாகத்தான் பட்டது. ஊரெல்லாம் சந்தேகப்பட்ட நான் அந்த நியாயத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஓட்டுத்தூள் கிடைத்தது. மொட்டச்சி வழக்கமாக ஏறும் இடதுபக்க அறையில், நாருக்கு அடியில், நொறுங்கிய முட்டை ஓடு. நாரில் அங்கங்கே வெள்ளைக்கரு காய்ந்து ஒட்டியிருந்தது. சாமி குனிந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடியும் பார்த்தார்.

"நான் நினைச்சேன். எக் ஈட்டிங். தன் முட்டையைத் தானே கொத்திக் குடிக்கற வியாதி. அந்த மொட்டைக் கழுத்துதான். மேலே இறகே இல்லையே, சத்துக் குறைச்சல். அதான் முட்டை ஓட்டைத் தேடறது."

"சாமி, அவ அப்படிச் செய்யமாட்டா."

"உனக்கு என்ன தெரியும்? இது ஒண்ணு பழகிடுத்துன்னா மத்த நாலும் கத்துக்கும். ஒரே வழிதான் இருக்கு." குரலைத் தணித்துக்கொண்டார். "கல் பண்ணணும்."

அத்தை விழித்தாள். "கல்லா சாமி?"

"கல்லுன்னா... ஒதுக்கறது. அதை இல்லாம ஆக்கறது. மனசிலாச்சோ?"

அத்தைக்கு மனசிலாயிற்று. செல்வகணேஷுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. ஞாயிற்றுக்கிழமை மொட்டச்சியை அறுத்துக் குழம்பு வைப்பது என்று அவர்களுக்குள் முடிவாகிவிட்டது. என்னிடம் கேட்கவில்லை. அந்தக் கோழி வார்டில் கொடுத்ததல்ல, என் காசில் வாங்கியது. அதையும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நான் கத்தினேன். "ஒரு கோழிக்கா இந்தப் பாடு?" என்று அத்தை சொன்னாள். "சாமியே சொல்லுதாவ. அவிய வாயில ஒரு உயிர கொல்லுன்னு வருமா? எவ்வளவு யோசிச்சிருப்பாவ!"

வெள்ளிக்கிழமை திடீரென்று ஹர்த்தால். கடை ஷட்டரைப் பாதி தூக்கும்போதே நாலு பேர் வந்து இறக்கச் சொன்னார்கள். பஸ் ஓடவில்லை. வெயில் ஏறுவதற்குள் நடந்தே வந்துவிட்டேன். பின்சந்து வழியாக முற்றத்துக்குள் நுழைந்தேன். அத்தை வேலைக்குப் போயிருந்தாள். உள்ளே செல்வகணேஷின் குறட்டை கேட்டது. செருப்பைக் கழற்றும்போது கிணற்றுக்குப் பின்னால் கறுப்புத் திரை அசைவதைப் பார்த்தேன்.

கீரி என்றுதான் நினைத்தேன். விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு பதுங்கிப் போனேன். திரைக்கு அடியில் ஒரு வேஷ்டி நுனி தெரிந்தது.

லேசாக விலக்கிப் பார்த்தேன். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், காற்று வரக்கூடாது என்று மறைத்தாரே, அந்த இடுக்கில் சேஷன் சாமி உட்கார்ந்திருந்தார். சும்மா தரையிலில்லை, சௌகரியமாக ஒரு பலகை போட்டு. பூணூலில் சாவியோடு ஒரு ஊக்கும் தொங்கும், தெருவில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த ஊக்கால் முட்டையின் இரண்டு பக்கமும் துளை போட்டு, அண்ணாந்து, கண்ணை மூடி உறிஞ்சிக்கொண்டிருந்தார். தொண்டை ஏறி இறங்கியது. உறிஞ்சி முடித்ததும் முட்டை ஓட்டை உள்ளங்கையில் வைத்து நொறுக்கினார். பக்கத்து அறையில் மொட்டச்சி முட்டையிட உட்கார்ந்திருந்தாள். நொறுக்கியதை அவளுக்கு அடியில், நாருக்குள் கையை விட்டு மெதுவாகத் திணித்தார். அவள் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தத் தூளைத் திணித்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பசித்தவன் திருடுவான், ஆசைப்பட்டவனும் திருடுவான். இந்த மனுஷன் திருடியதோடு நிற்காமல், வாயில்லாத ஒன்றின் அடியில் சாட்சியையும் வைத்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் எரிந்தது.

"நல்லா இருக்கா சாமி?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. மீசையில் வெள்ளைக்கரு மட்டும் மினுங்கியது. "நார் மாத்தலாம்னு..." என்று தொடங்கினார். என் கையிலிருந்த விறகைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"எத்தனை நாளாச்சு?"

"ஷிஜா, மெள்ளப் பேசு. மாமிக்குக் கேக்கும்." எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி பிடித்துக்கொண்டது. "டாக்டராக்கும் சொன்னார். எனக்குக் காலுக்குப் பெலமில்லை, புரோட்டீன் வேணும்னு. ஆத்துல வாங்கி வேக வெக்க முடியுமா? வாசனை தெருவெல்லாம் போகும். ஹோட்டல்ல போய்த் தின்னா யாராவது பாப்பா. நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே. நல்லா அவிச்சு, குருமிளகு போட்டுத் தந்திருப்பேனே."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"கேக்கறதா? உன்னண்டயா?" என்றார்.

அதுதான் விஷயம். திருடினால் கௌரவம் போகாது. மாட்டுக்கொட்டிலில் குடியிருப்பவளிடம் கேட்டு வாங்கினால் போய்விடும். முப்பது வருஷம் சர்க்கார் சம்பளம் வாங்கி, தினம் இரண்டு வேளை கோயிலுக்குப் போய்வந்து இந்த மனுஷன் சம்பாதித்த அறிவு இவ்வளவுதான்.

"முட்டைய நீங்களே வச்சுக்கிடுங்க. யாருட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். "ஆனா ஞாயித்துக்கிழமை மொட்டச்சிய அறுக்கப் போறாவ. அத நிறுத்துங்க. எப்படி நிறுத்துவியளோ எனக்குத் தெரியாது. கீரின்னு சொல்லுங்க, பாம்புன்னு சொல்லுங்க. உங்க வாயில வேற காரணமா கிடைக்காது?"

"அது நான் பாத்துக்கறேன். நீ பயப்படாதே, ஒண்ணும் பேடிக்காண்டாம்" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கொல்லைப்படியேறிப் போனார்.

அன்று மத்தியானம் செல்வகணேஷ் எழுந்ததும் அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் என் வாயைப் பொத்தினார். "வெளிய விட்ராத. வீட்டக் காலி பண்ணச் சொன்னா இந்த வாடகைக்கு வேற எங்க கிடைக்கும்? போனா ஒரு கோழிதானே." அத்தையிடம் சொல்லவும் விடவில்லை. சொன்னால் அவள் நம்பப் போவதுமில்லை. நான் சாமியின் வார்த்தையை நம்பி இருந்தேன். ஏன் நம்பினேன் என்றால், வேறு ஆளில்லை.

சனிக்கிழமை அவர் முற்றத்துப் பக்கமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை வெந்நீர் போட்டாள், அரிவாள்மணையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். செல்வகணேஷ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தியோடு நின்றார். மொட்டச்சியை நான் கையில் வைத்திருந்தேன். அவள் இதயம் என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. அப்போதுதான் சாமி படியிறங்கி வந்தார். குளித்து, விபூதி பூசி, மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. எனக்கு உயிர் வந்தது. சொல்லப் போகிறார், கீரியையோ பாம்பையோ.

"என்ன வடிவம்மாள், இன்னும் ஆகலியோ?" என்றார்.

"இவ விடமாட்டேங்குதா சாமி."

சாமி என்னைப் பார்க்கவில்லை. கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற வெண்டைச் செடியைப் பார்த்தார். "யோசிச்சுண்டு நின்னா ஒண்ணும் நடக்காது. கெட்ட பழக்கம் வந்த கோழியை வெச்சுண்டிருக்கப்படாது. அதைக் கல் பண்ணிட்டேள்னா எல்லாம் சரியாயிடும்."

அவர் மனசில் ஓடிய கணக்கு எனக்கு அப்போது விளங்கியது. மொட்டச்சியை விட்டுவிட்டால், காணாமல் போகும் முட்டைக்கு ஊர் வேறு திருடனைத் தேடும். மொட்டச்சி போய்விட்டால் கதை முடிந்தது. கொஞ்ச நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தால், பாருங்கள், நான் சொன்னேனில்லையா என்று பேரும் வாங்கிக்கொள்ளலாம். எறும்பை மிதித்துவிடக்கூடாது என்று கோலமாவைக்கூடத் தாண்டிப் போகிறவர் என்று அத்தை புகழ்ந்த மனுஷன், ஒரு முட்டை குடித்ததை மறைக்க ஓர் உயிரை எடுக்கச் சொல்லி, விபூதியோடு வந்து நிற்கிறார்.

"அந்த இங்கிலீஷ் வேண்டாம் சாமி" என்றேன். "தமிழ்ல சொல்லுங்க. கொல்லணுமா?"

"ஏட்டி!" என்றாள் அத்தை.

அவர் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார். "ஆமா" என்றார்.

"அப்ப ஒரு உபகாரம் செய்யுங்க. இவிய கோழி கழுத்த அறுக்கும்போது காலப் பிடிக்க ஒரு ஆளு வேணும். நான் பிடிக்கமாட்டேன். அத்தைக்கு வெந்நி பாக்கணும். நீங்க சொல்லித்தானே அறுக்குது, நீங்களே பிடிங்க."

அத்தை தலையில் கை வைத்தாள். செல்வகணேஷ் "ஷிஜா" என்று பல்லைக் கடித்தார். நான் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. சாமியை மட்டும் நேராகப் பார்த்தேன். பிடிக்கிறாயா, இல்லை நான் வாயைத் திறக்கட்டுமா என்று என் கண்ணில் எழுதியிருந்தது அவருக்குத் தெரிந்தது. பயந்து பின்வாங்குவார், இருக்கட்டும் விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியேறிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ரத்தத்தைக் கண்டால் மயங்கிவிழும் ஆள் அவர்.

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். கையை நீட்டினார். மொட்டச்சியின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"வெட்டு" என்றார்.

நான் விறைத்துப்போய் நின்றேன். மொட்டச்சி என் கையிலிருந்து அவர் கைக்குப் போய்த் தலைகீழாகத் தொங்கினாள். செல்வகணேஷ் அந்த மொட்டைக் கழுத்தைப் பிடித்தார்.

"விடுங்கோ அதை."

சூடாமணி மாமி அடுக்களைக் கதவில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் ஈரம் சொட்டும் வேஷ்டி. மாமி சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை, அன்றும் சத்தமாகப் பேசவில்லை. செல்வகணேஷ் கழுத்தை விட்டுவிட்டார்.

"வடிவு, அந்தக் கோழி ஒரு தப்பும் பண்ணலை. முட்டையைக் குடிச்சது எங்காத்து மாமாவாக்கும்."

அடுப்பில் வெந்நீர் கொதித்தது.

"சூடா, நீ உள்ள போ" என்றார் சாமி. இன்னும் கண்ணைத் திறக்கவில்லை, கோழியை விடவுமில்லை.

"எத்தனை நாளா உங்க வேஷ்டியைத் தோய்க்கறேன்? கஞ்சி போடாத வேஷ்டி அங்கங்கே விறைச்சுண்டு நின்னா எனக்குத் தெரியாதா? எனக்கும் மூக்கு இருக்கே. உடம்புக்கு முடியலை, ஏதோ குடிக்கறார், வெக்கப்படறார், என்னிக்காவது எங்கிட்டச் சொல்லுவார்னு பேசாம இருந்தேன். குடிச்சதைப் பொறுத்துண்டேன். இதைப் பொறுக்க மாட்டேன். அதை வெட்டினா, அதுக்கு மேல என்னால உங்களோட ஒரு ஆத்துல இருக்க முடியாது. விடுங்கோ அதை."

அவர் விட்டார். மொட்டச்சி தரையில் விழுந்து, சிறகை உதறி, எங்கள் எல்லோரையும் ஒரு கண்ணால் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள். நான் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தேன். சாமி கையை விரித்தபடியே நின்றார். அதில் கோழி எச்சம் வழிந்திருந்தது.

வடிவம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாக அவரைக் கண்டால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நிற்பவள். ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு அவர் பக்கம் வைத்தாள். பிறகு, மனசு தாங்காமல் கேட்டுவிட்டாள்.

"பச்சையாவா சாமி குடிச்சிய?"

அவர் செம்பை எடுத்துக் கையைக் கழுவத் தொடங்கினார். மாமி என்னைக் கூப்பிட்டாள்.

"ஷிஜா, நாளையிலேருந்து தினம் ஒரு முட்டை அவருக்குன்னு எடுத்து வேகவெச்சு வெச்சுடு. அவரே வந்து வாங்கிப்பார். இந்தக் கொல்லை வழியா இல்லை. முன்வாசல்ல இறங்கி, தெருவோட நடந்து, பின்சந்து வழியா சுத்தி உன் வாசலுக்கு வந்து, கேட்டு வாங்கிண்டு அதே வழியா ஆத்துக்கு வருவார். டாக்டர் சொன்ன மருந்துதானே, வெக்கம் என்னத்துக்கு? ஆத்துலயே, என் முன்னாடி உக்காந்து தின்னட்டும்."

வேஷ்டியைக் கொடியில் உதறிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு முட்டையை அவித்து, உரித்து, குருமிளகு தூவி, ஒரு கிண்ணத்தில் மூடி வைத்தேன். சந்துப் பக்கக் கதவைத் திறந்து வைத்தேன். அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வைத்தேன். ஒரு கோழியின் காலைப் பிடித்துக்கொண்டு வெட்டு என்று சொல்லத் துணிந்த மனுஷனுக்கு, ஒரு முட்டையை வாங்கிக்கொண்டு தன் தெருவில் நாலு வீடு தாண்டி நடக்கத் துணிச்சல் வரவில்லை. இன்றும் வைக்கிறேன். மத்தியானம் அதை அத்தைதான் தின்கிறாள்.